இலாப நோக்கற்ற அமைப்புகளின் நேரடி அஞ்சல்: காகிதச் செலவும் அஞ்சல் கட்டணமும் (ஐக்கிய அமெரிக்கா)

இலாப நோக்கற்ற அமைப்புகளின் நேரடி அஞ்சல் என்பது தொண்டு நிறுவனங்கள், சமய அமைப்புகள், கல்வி நிலையங்கள், முன்னாள் படைவீரர் சங்கங்கள் போன்றவை நன்கொடை கேட்டோ, உறுப்பினர் சேர்க்கவோ, தம் பணியை அறிவிக்கவோ பெருந்தொகையான வீடுகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் அச்சிட்ட மடல்களைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை இன்றும் முதன்மையான நிதி திரட்டும் வழிகளுள் ஒன்றாக உள்ளது. அங்கே இதற்கெனச் சட்டப்படியான அஞ்சல் கட்டணச் சலுகை உண்டு. ஆயினும் 2021-க்குப் பின் கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்ததாலும், அச்சுக் காகித ஆலைகள் குறைந்ததாலும் ஒரு மடலுக்கான செலவு ஏறியுள்ளது. இச்செலவு எவ்வாறு உருவாகிறது, எதனால் கூடுகிறது, எங்கே குறைக்க முடியும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

செலவின் பகுதிகள்

ஒரு வேண்டுகோள் மடலில் பொதுவாக ஐந்து பொருள்கள் இருக்கும்: வெளி உறை, ஒன்று அல்லது இரண்டு தாள் கடிதம், நன்கொடைத் தொகையைக் குறித்து அனுப்பும் பதில் சீட்டு, பதில் உறை, சில வேளைகளில் சிறு துண்டறிக்கை. பெறுநரின் பெயர் அச்சிட்ட முகவரி ஒட்டிகள், வாழ்த்து அட்டைகள் போன்ற சிறு பரிசுகளை உள்ளே வைப்பதும் உண்டு.

இம்மடலுக்கான செலவை நான்காகப் பிரிக்கலாம்.

1. காகிதமும் உறைகளும்
2. அச்சு, மடிப்பு, உறையிலிடல், முகவரி பதித்தல்
3. முகவரிப் பட்டியலைப் பெறுவதும் திருத்துவதும்
4. அஞ்சல் கட்டணம்

முதல் மூன்றிலும் பேரம் பேசலாம், வேறு அச்சகத்தை நாடலாம், தாளை மாற்றலாம். நான்காவதில் பேரத்துக்கு இடமில்லை. மேலும் அஞ்சல் கட்டணம் முழுவதையும் மடல்களை ஒப்படைக்கும்போதே செலுத்தியாக வேண்டும். நன்கொடை வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே சிறிய அமைப்புக்கு இது செலவுக் கணக்கு மட்டுமன்று, கையிருப்புப் பணத்தின் கணக்கும் ஆகும்.

அஞ்சல் கட்டணச் சலுகையின் வரலாறு

அமெரிக்க நாடாளுமன்றம் 1917-ஆம் ஆண்டின் போர் வருவாய்ச் சட்டத்தின் மூலம் இதழ்களுக்கான அஞ்சல் கட்டணத்தை உயர்த்தியது. அப்போது சமய, கல்வி, அறிவியல், அறக்கொடை, வேளாண், தொழிலாளர், சகோதரத்துவ அமைப்புகளின் இதழ்களுக்கு அந்த உயர்விலிருந்து விலக்கு அளித்தது. 1928-இல் ஒரே மாதிரியான மடல்களை மொத்தமாக அனுப்புவதற்கு மூன்றாம் வகுப்புப் பேரளவுக் கட்டணம் ஏற்படுத்தப்பட்டது. 1951-இல் இக்கட்டணம் உயர்த்தப்பட்டபோது இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குத் தனிக் கட்டணம் பிரிந்தது. இன்றைய சலுகையின் தொடக்கம் அதுவே.

1970-ஆம் ஆண்டின் அஞ்சல் மறுசீரமைப்புச் சட்டப்படி, 1971 சூலை 1 முதல் அரசின் அஞ்சல் துறை, ஐக்கிய அமெரிக்க அஞ்சல் சேவை என்னும் தனி அமைப்பானது. தன் செலவைத் தன் வருவாயிலிருந்தே ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. சலுகைக் கட்டணத்தால் இழக்கப்படும் வருவாயை நாடாளுமன்றம் மானியமாக ஈடுசெய்து வந்தது. 1993-இல் இயற்றப்பட்ட சட்டம் இந்த மானிய முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் சலுகையின் சுமை அஞ்சல் கட்டண அமைப்புக்குள்ளேயே பகிரப்படுகிறது.

2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் தெளிவான அளவுகோல் ஒன்றை வகுத்தது. இலாப நோக்கற்ற பேரளவு மடல் ஒன்றிலிருந்து கிடைக்கும் சராசரி வருவாய், அதே வகை வணிக மடலின் சராசரி வருவாயில் 60 விழுக்காட்டுக்கு இயன்றவரை நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே அது. இதன் பொருளைச் சரியாக உணர்தல் வேண்டும். சலுகை ஒரு நிலையான விலை அன்று. வணிகக் கட்டணத்தோடு கட்டப்பட்ட விகிதம். வணிகக் கட்டணம் உயர்ந்தால் சலுகைக் கட்டணமும் கூடவே உயரும். இச்சட்டம் இடைவெளியைக் காக்கிறதே தவிர, உயர்வைத் தடுப்பதில்லை.

சலுகை பெறத் தகுதி

வருமான வரித்துறை வழங்கும் 501(சி)(3) வரிவிலக்கு மட்டும் போதாது. அஞ்சல் சேவையிடம் 3624 எண்ணுள்ள படிவத்தில் தனியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். இவ்வொப்புதலுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பேரளவு மடல் அனுப்புவதற்குரிய ஆண்டுக் கட்டணம் தனியே உண்டு. இலாபம் ஈட்டாத எல்லாச் சங்கங்களும் இதில் அடங்கா. வணிகச் சங்கங்கள், சமூகக் கேளிக்கை மன்றங்கள் போன்றவை பொதுவாகத் தகுதி பெறுவதில்லை.

ஒப்புதல் பெற்ற அமைப்பு தன் உரிமத்தைப் பிறருக்குக் கடனாகத் தர இயலாது. மடலின் பொருளும் அந்த அமைப்பினுடையதாகவே இருக்க வேண்டும். இலாபத்தைப் பங்கிடும் வணிக நிறுவனத்தோடு கூட்டாக அனுப்பும் மடலுக்குச் சலுகை மறுக்கப்படும். பண நன்கொடை மட்டும் கேட்கும் மடல்களுக்கு 2003 முதல் இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. காப்பீடு, கடன் அட்டை, பயண ஏற்பாடு பற்றிய விளம்பரங்களுக்கும் கடும் வரையறைகள் உள்ளன. விதி மீறல் கண்டறியப்பட்டால் சலுகைக்கும் வணிகக் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை அமைப்பே கட்ட நேரிடும்.

கட்டணத்தைத் தீர்மானிக்கும் கூறுகள்

சலுகை மடல்கள் 2017 முதல் 'மார்க்கெட்டிங் மெயில்' என்று பெயரிடப்பட்ட வகுப்பில் செல்கின்றன. ஒரே தடவையில் குறைந்தது 200 மடல்கள் அல்லது 50 பவுண்டு எடை இருக்க வேண்டும். இவ்வகுப்பில் ஒரு மடலின் கட்டணத்தை நான்கு கூறுகள் தீர்மானிக்கின்றன.

வடிவம்: பொறி வழியே செல்லத்தக்க கடிதம் மலிவானது. பெரிய தட்டை உறைக்குக் கட்டணம் வெகுவாகக் கூடும். கடிதம் என்று கொள்ள அதன் நீளம் 11½ அங்குலத்துக்கும், உயரம் 6⅛ அங்குலத்துக்கும், தடிப்பு ¼ அங்குலத்துக்கும் மிகாதிருக்க வேண்டும். நீளத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண் 1.3-க்கும் 2.5-க்கும் இடையே அமைய வேண்டும். சதுர உறையில் இது 1 ஆகிவிடுவதால், அழகாக இருந்தாலும் அது பொறிக்கு ஒவ்வாத மடலாகக் கணக்கிடப்பட்டுக் கூடுதல் கட்டணத்துக்கு உள்ளாகும். உள்ளே பேனா வைத்து வளையாமல் போன உறைக்கும் அதே நிலைதான்.

எடை: முதல் வகுப்பு அஞ்சலில் ஒவ்வொரு அவுன்சுக்கும் கட்டணம் ஏறுவது பலருக்குத் தெரியும். மார்க்கெட்டிங் மெயில் கடிதங்களில் 3.5 அவுன்சு வரை, அதாவது ஏறத்தாழ 99 கிராம் வரை, ஒரே கட்டணம்தான்.

வரிசையாக்கம்: மடல்களை அஞ்சல் குறியீட்டெண் வாரியாக முன்கூட்டியே பிரித்துத் தட்டுகளில் அடுக்கித் தந்தால் கட்டணம் குறையும். ஒரே ஐந்திலக்கக் குறியீட்டுக்குப் போதிய மடல்கள் சேரும்போது நல்ல தள்ளுபடி கிடைக்கும். பட்டைக்குறி அச்சிடுவதும் இதனோடு சேர்ந்தது.

ஒப்படைக்கும் இடம்: மடல்கள் சென்று சேரும் பகுதியின் வரிசையாக்க நிலையத்துக்கே லாரியில் கொண்டுபோய்ச் சேர்த்தால் தள்ளுபடி உண்டு. பெரிய அமைப்புகளுக்கே இது கட்டுப்படியாகும். சிறிய அமைப்புகள் பிறரின் மடல்களோடு தம் மடல்களையும் ஒரே லாரியில் ஏற்றும் அஞ்சல் தயாரிப்பு நிறுவனங்கள் மூலம் இப்பயனைப் பெறுகின்றன.

பட்டைக்குறியிட்டு வரிசைப்படுத்திய சலுகைக் கடிதத்தின் கட்டணம், முதல் வகுப்புத் தபால்தலையின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். கட்டணத்தை உறையில் அச்சிட்ட உரிமக் குறியாலோ, முன்னரே முத்திரை நீக்கிய 5 சென்ட் சலுகைத் தபால்தலையாலோ காட்டலாம். தபால்தலை ஒட்டிய உறை தனிக் கடிதம் போலத் தோன்றுவதால் பலர் அதை விரும்புகின்றனர். அதன் மதிப்புக்கும் உண்மைக் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாடு ஒப்படைக்கும்போது தனியே செலுத்தப்படும்.

2021-க்குப் பிந்திய கட்டண உயர்வு

2006-ஆம் ஆண்டின் அஞ்சல் பொறுப்புடைமை மேம்பாட்டுச் சட்டம், ஒவ்வோர் அஞ்சல் வகுப்பின் சராசரிக் கட்டண உயர்வும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தது. அதனால் நீண்ட காலம் உயர்வு மிதமாக இருந்தது. அமைப்புகளும் அடுத்த ஆண்டின் செலவை ஓரளவு சரியாக ஊகிக்க முடிந்தது.

இதற்கிடையே மக்கள் அனுப்பும் மடல்கள் குறைந்தன. 2006-இல் ஏறத்தாழ 21,300 கோடியாக இருந்த மொத்த அஞ்சல் எண்ணிக்கை, 2023 நிதியாண்டில் ஏறத்தாழ 11,600 கோடியானது. மடல்கள் குறைந்தாலும், அஞ்சலர் செல்ல வேண்டிய வீடுகள் குறைவதில்லை, கூடிக்கொண்டே போகின்றன. ஒரு தெருவில் பத்து மடல் கொடுத்தாலும் ஐந்து கொடுத்தாலும் நடை ஒன்றுதான். எனவே ஒரு மடலுக்கு விழும் செலவு ஏறியது.

இதைக் கருத்தில் கொண்டு அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையம் 2020 நவம்பரில் புதிய விதிகளை வெளியிட்டது. விலைக் குறியீட்டுக்கு மேலும் உயர்த்த அவை இடம் தந்தன. மடல் அடர்த்தி குறைவதற்கும் ஓய்வூதியக் கடன்களுக்கும் ஈடாகக் கூடுதல் உயர்வு அனுமதிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் இந்த அதிகாரம் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. 2023-இலும் 2024-இலும் சனவரி, சூலை என ஆண்டுக்கு இருமுறை கட்டணம் மாறியது.

இதன் போக்கை முதல் வகுப்புத் தபால்தலையின் விலையில் காணலாம்.

2019 சனவரி – 55 சென்ட்
2021 ஆகஸ்ட் – 58 சென்ட்
2022 சூலை – 60 சென்ட்
2023 சனவரி – 63 சென்ட்
2023 சூலை – 66 சென்ட்
2024 சனவரி – 68 சென்ட்
2024 சூலை – 73 சென்ட்
2025 சூலை – 78 சென்ட்

சலுகை மடலின் கட்டணம் இதைவிடக் குறைவெனினும் அதுவும் ஏறுமுகமாகவே உள்ளது. ஆண்டுத் தொடக்கத்தில் வகுத்த வரவுசெலவுத் திட்டம், ஆண்டு முடிவில் அனுப்பும் மடலுக்குப் பொருந்தாமல் போகிறது. அமெரிக்காவில் நன்கொடை மிகுதியாக வருவது ஆண்டின் கடைசி வாரங்களில்தான். அதனால் சூலை உயர்வின் முழுத் தாக்கமும் அமைப்பின் முதன்மையான மடல் மீதே விழுகிறது.

காகிதம்

அமெரிக்காவில் தாளின் கனம் 'பவுண்டு' அளவில் சொல்லப்படுகிறது. 500 தாள்களின் எடை அது. ஆனால் எந்த அளவுள்ள தாள் என்பது வகைக்கு வகை மாறும். எழுதுதாளுக்கு 17×22 அங்குலமும், புத்தகத் தாளுக்கு 25×38 அங்குலமும் அடிப்படை. ஆகவே 24 பவுண்டு எழுதுதாளும் 60 பவுண்டு புத்தகத் தாளும் ஏறத்தாழ ஒரே கனம் உடையவை. இரண்டும் சதுர மீட்டருக்கு 90 கிராம் அளவில் வரும். 20 பவுண்டு எழுதுதாள் 75 கிராம். இரு அச்சகங்களின் விலைப்பட்டியலை ஒப்பிடும்போது பவுண்டை விட்டு ஜி.எஸ்.எம். அளவைக் கேட்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

8½×11 அங்குலக் கடிதத் தாள் 75 ஜி.எஸ்.எம்.-இல் ஏறத்தாழ 4.5 கிராம் எடையுள்ளது. இரண்டு தாள், பதில் சீட்டு, பதில் உறை, வெளி உறை எல்லாம் சேர்ந்தாலும் 25 கிராம் அளவில்தான் வரும். கட்டண எல்லையோ 99 கிராம். எனவே அஞ்சல் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று எண்ணி மெல்லிய தாளுக்கு மாறுவதில் பயனில்லை. மெல்லிய தாள் காகித விலையை மட்டுமே குறைக்கும். மறுபுறத்து எழுத்து தெரிந்தால் முதியோருக்குப் படிப்பதும் கடினமாகும். பதில் சீட்டை அஞ்சலட்டையாகவே திருப்பி அனுப்ப வைப்பதானால் அது குறைந்தது 0.007 அங்குலத் தடிப்புடன் இருக்க வேண்டும். சாதாரண எழுதுதாள் அதற்குப் போதாது.

காகித விலை ஏறுவதற்கான காரணம் வேறு. கணினியும் கைப்பேசியும் அச்சுத் தாளின் தேவையைக் குறைத்தன. இணைய வணிகம் அட்டைப் பெட்டியின் தேவையைக் கூட்டியது. பல ஆலைகள் பொதிதாளுக்கு மாறின, சில மூடப்பட்டன. வெர்சோ நிறுவனம் 2019-இல் மேரிலாந்தின் லூக் ஆலையையும், 2020-இல் விஸ்கான்சின் ரேபிட்ஸ் ஆலையையும் நிறுத்தியது. பெருந்தொற்றுக்குப் பின் தேவை மீண்டபோது உற்பத்தித் திறன் போதவில்லை. 2022 சனவரி முதல் ஏப்ரல் வரை பின்லாந்தின் யு.பி.எம். ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தம் உலகச் சந்தையை மேலும் இறுக்கியது. அக்காலத்தில் விலையைவிடக் கிடைப்பதே பெரும்பாடாயிற்று. உறைகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

காகித விலை ஏறும், பின் இறங்கவும் கூடும். அஞ்சல் கட்டணம் இறங்குவது மிக அரிது. 2014 சனவரியில் விதித்த 4.3 விழுக்காட்டுச் சிறப்பு உயர்வு 2016 ஏப்ரலில் விலக்கப்பட்டது அத்தகைய அரிய நிகழ்வு. ஆகவே காகிதத்தில் செய்யத்தக்கது காலத் திட்டமிடல்: ஆண்டு முழுவதற்குமான உறைகளை ஒரே அச்சில் முன்கூட்டியே அடித்து வைத்தல், 4⅛×9½ அங்குலமுள்ள வழக்கமான 10-ஆம் எண் உறையையே பயன்படுத்தல், அச்சகத்தில் எப்போதும் இருப்பிலுள்ள தாளைத் தெரிதல் ஆகியன. தனி அளவு, தனி நிறம் கேட்கும்போது தாளும் வீணாகும், காத்திருப்பும் கூடும்.

முகவரிப் பட்டியல்

செலவு மிகுதியாக வீணாகும் இடம் முகவரிப் பட்டியலே. வீடு மாறியவருக்கு அனுப்பிய முதல் வகுப்புக் கடிதம் புதிய முகவரிக்குச் செல்லும் அல்லது திரும்பி வரும். மார்க்கெட்டிங் மெயில் அவ்வாறன்று. உறையில் தனிச் சேவை கேட்டுக் குறிக்காவிடில், சேர்க்க முடியாத மடல் அப்படியே கழிக்கப்படும். அனுப்பியவருக்குச் செய்தியும் வாராது. அதே தவறான முகவரிக்கு ஆண்டுக்கணக்கில் மடல் போய்க்கொண்டிருக்கும்.

இதனால்தான் அஞ்சல் நாளுக்கு முந்திய 95 நாள்களுக்குள், முகவரி மாற்றப் பதிவேட்டோடு பட்டியலை ஒப்பிட்டிருக்க வேண்டும் என்று விதி உள்ளது. அப்பதிவேடு அதிகப்படியாக 48 மாத மாற்றங்களைக் காட்டும். இறந்தோர் பெயரை நீக்குதல், ஒரே வீட்டுக்கு இருமுறை செல்லும் பதிவுகளை இணைத்தல் ஆகியவை அமைப்பே செய்ய வேண்டியவை. இறந்துபோன கணவரின் பெயருக்கு மீண்டும் மீண்டும் வரும் மடல், மனைவியிடமிருந்து வரக்கூடிய நன்கொடையையும் நிறுத்திவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்வோம். மடலுக்கு 70 சென்ட் வீதம் 10,000 மடல்கள், மொத்தம் 7,000 டாலர். இந்த 70 சென்ட்டில் காகிதத்தின் பங்கு 10 சென்ட் என்று வைத்துக்கொண்டால், பத்து விழுக்காடு மலிவான தாளால் மிச்சமாவது 100 டாலர். பட்டியலில் நூற்றுக்கு ஐந்து முகவரி தவறாக இருந்து அவற்றை நீக்கினால் மிச்சமாவது 350 டாலர். அதற்காக நன்கொடை ஒன்றையும் இழக்க வேண்டியதில்லை.

பதில் உறை

கட்டணம் செலுத்தப்பட்ட வணிகப் பதில் உறையைத் தந்தால் கொடையாளர் தபால்தலை தேட வேண்டாம். திரும்பி வரும் உறைக்கு மட்டுமே அமைப்பு கட்டணம் செலுத்தும்; ஆனால் அது முதல் வகுப்புக் கட்டணமும் கையாளும் கட்டணமும் சேர்ந்தது, சலுகை இல்லை. மற்றொரு வழி, முகவரி மட்டும் அச்சிட்ட உறையைத் தந்து தபால்தலையைக் கொடையாளரிடமே விடுவது. தொடர்ந்து கொடுப்போர் பெரும்பாலும் இதைப் பொருட்படுத்துவதில்லை. புதியவரிடம் கேட்கும்போது முதல் வழியும், பழகியவரிடம் இரண்டாம் வழியும் பொருந்தும். எதுவாயினும் சிறு அளவில் இரண்டையும் அனுப்பிப் பார்த்தே முடிவு செய்தல் நன்று.

செலவும் வருவாயும்

ஒரு மடலின் விலையை மட்டும் பார்த்தால் செலவு விளங்காது. ஒரு டாலர் நன்கொடை பெற எவ்வளவு செலவாயிற்று என்பதே அளவுகோல். அறிமுகமில்லாதவர்களுக்கு அனுப்பும் மடலும், ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு அனுப்பும் மடலும் இதில் முற்றிலும் வேறானவை.

மேற்கண்ட 10,000 மடல்களும் புதியவர்களுக்குச் சென்று, நூற்றுக்கு ஒருவர் 25 டாலர் கொடுத்தார் எனக் கொள்வோம். வரவு 2,500 டாலர். குறை 4,500 டாலர். அந்த 100 பேருக்கும் மறு ஆண்டு ஐந்து முறை எழுதினால் செலவு 350 டாலர். 30 டாலர் வீதம் 60 நன்கொடை வந்தால் வரவு 1,800 டாலர்; மிச்சம் 1,450 டாலர். முதல் குறை நிரம்ப மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆண்டுதோறும் சிலர் விலகிவிடுவதால் இன்னும் நீளும். கட்டண உயர்வு இந்தக் காலத்தை மேலும் நீட்டுகிறது. பணம் நிறைந்த அமைப்பு காத்திருக்கும். சிறிய அமைப்பு புதியவர்களைத் தேடுவதையே நிறுத்திவிடும். அதன் விளைவு உடனே தெரியாது, சில ஆண்டுகளில் கொடையாளர் பட்டியல் சுருங்கும்போது தெரியும்.

நிதி திரட்டும் செலவுக்குச் சட்டம் உச்சவரம்பு விதிக்க மாநிலங்கள் முயன்றதுண்டு. அத்தகைய வரம்புகள் பேச்சுரிமைக்கு முரணானவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980, 1984, 1988 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் கூறியது. ஆயினும் அமைப்புகள் வருமான வரித்துறைக்கு அளிக்கும் 990 படிவத்தில் நிதி திரட்டும் செலவைத் தனியே காட்ட வேண்டும்; அது பொதுமக்கள் பார்வைக்கு உரியது. பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் என்னும் மதிப்பீட்டு அமைப்பு, திரட்டிய நன்கொடையில் 35 விழுக்காட்டுக்கு மேல் திரட்டுவதற்குச் செலவிடக்கூடாது என்பதைத் தன் தரநெறிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

சிக்கன வழிகளும் அவற்றின் எல்லையும்

செலவு ஏறும்போது எல்லோருக்கும் அனுப்பும் மடல்களின் எண்ணிக்கையைச் சமமாகக் குறைப்பது எளிய வழி. ஆனால் அது பயன் தருவோரையும் சேர்த்தே குறைக்கிறது. நீண்ட காலமாகக் கொடுக்காதவர்களுக்குக் குறைத்து, அண்மையில் கொடுத்தவர்களுக்குத் தொடர்வது மேலானது. விருப்பமுள்ளோருக்கு நன்றிக் கடிதத்தையும் ரசீதையும் மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆண்டுக்கு ஒருமுறை கொடையாளர் பட்டியல் முழுவதற்கும் முதல் வகுப்பில் அனுப்பினால், திரும்பி வரும் உறைகளைக் கொண்டு பட்டியலைத் திருத்தலாம்.

மின்னஞ்சலுக்கு அஞ்சல் கட்டணம் இல்லையெனினும், அது அஞ்சலுக்கு முழு மாற்றாக அமையவில்லை. தொடர்ந்து சிறு தொகை கொடுப்போரில் முதியோர் மிகுதி. காசோலையும் பதில் உறையுமே அவர்களில் பலருக்குப் பழகிய வழி. ஆதலால் பெரும்பாலான அமைப்புகள் இரண்டையும் சேர்த்தே நடத்துகின்றன. மடலை நிறுத்துவதா என்ற கேள்வியைவிட, எந்த முகவரிக்கு அனுப்பும் மடல் தன் கட்டணத்தை மீட்டுத் தருகிறது என்ற கேள்வியே அவற்றின் முன் நிற்கிறது.